பெரிய டயர் மாட்டிய ஜீப்புக்கு ஆக்சில் கியரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஜீப் ரேங்லரில் 32 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 35 அங்குலம் மாட்டியவர்களிடம் பேசிப் பாருங்கள். வண்டி பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது, இழுவைதான் போய்விட்டது என்பார்கள். சிக்னலில் பச்சை விழுந்தால் முனகிக்கொண்டு கிளம்புகிறது. நெடுஞ்சாலையில் சிறு மேடு வந்தாலும் டாப் கியர் நிற்பதில்லை. ஆட்டோமேடிக்காக இருந்தால் நான்குக்கும் ஐந்துக்கும் இடையே கியர் அலைபாய்ந்துகொண்டே இருக்கிறது. எஞ்சினில்தான் கோளாறு என்று நினைத்து ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எல்லாம் மாற்றிப் பார்த்துப் பணத்தைக் கரைப்பவர்களும் உண்டு. எஞ்சினில் ஒன்றுமில்லை. ஆக்சிலுக்குள் இருக்கும் கியர், பழைய டயருக்குக் கணக்குப் போட்டு வைத்தது. டயர் மாறிவிட்டது, கியர் மாறவில்லை.

அந்தக் கியரை மாற்ற நினைக்கும் புதியவர்களுக்கானது இந்தக் கட்டுரை. உதாரணத்துக்கு 2007 முதல் 2018 வரை வந்த ரேங்லர் ஜேகே வகையை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் விற்ற ஜேகேயில் இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள், மூன்று கியர் பாக்ஸ்கள், மூன்று ஆக்சில் விகிதங்கள் உண்டு. ஒரே டயருக்கு ஏன் ஆளுக்கொரு விகிதம் சொல்கிறார்கள் என்பதை விளக்க இதைவிட வசதியான வண்டி கிடையாது. கணக்கு எந்த நான்கு சக்கர இயக்க வண்டிக்கும் பொருந்தும்.

உள்ளே நடப்பது என்ன

கியர் பாக்ஸிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முனையில் ஒரு சிறிய பினியன் இருக்கிறது. அது ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய கிரவுன் வீலைச் சுற்றுகிறது. கிரவுன் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் கிடைப்பதுதான் ஆக்சில் விகிதம். கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல் என்றால் 3.73. அதே 41 பல்லுக்குப் பினியனில் 10 இருந்தால் 4.10, 9 இருந்தால் 4.56, 8 இருந்தால் 5.13. எண் பெரிதாகப் பெரிதாக, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் அதிகச் சுற்றுகள் சுற்ற வேண்டும். வேகம் குறையும், இழுவை கூடும்.

பெரிய டயர் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. ஒரு சுற்றுக்கு அதிகத் தூரம் உருள்வதால், அதே வேகத்துக்கு எஞ்சின் குறைவாகச் சுற்றினால் போதும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சக்கரத்தின் ஆரம் கூடிவிட்டதால் தரையில் கிடைக்கும் உந்துவிசை அதே அளவுக்குக் குறைகிறது. 32-இலிருந்து 35-க்குப் போகும்போது விட்டம் 9 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது, தரையில் கிடைக்கும் விசை சுமார் எட்டரை சதவீதம் குறைகிறது. அதோடு டயரின் எடை வேறு. அந்த எடை சக்கரத்தின் வெளி விளிம்பில் இருப்பதால், சுழலத் தொடங்கவும் சுழல்வதை நிறுத்தவும் கூடுதல் சிரமம். வண்டி உயர்ந்தால் காற்றின் எதிர்ப்பும் கூடும். இந்த இரண்டும் விகிதக் கணக்கில் வராத சுமைகள். இதை மறந்தவர்கள்தான் கணக்கைச் சரியாகப் போட்டும் தவறான கியர் வாங்குகிறார்கள்.

முதலில் டயரை முடிவு செய்யுங்கள்

இது சொல்லத் தேவையில்லாத விஷயம்போலத் தோன்றும். ஆனால் 33 அங்குலத்துக்குக் கியர் மாற்றிவிட்டு ஒரு வருடத்தில் 35-க்கு ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். டயரை மாற்றிக்கொள்ள ஒரு மதியம் போதும். கியரை மாற்ற இரண்டு ஆக்சிலையும் திறக்க வேண்டும். அமெரிக்காவில் பாகம், கூலி எல்லாம் சேர்த்து 2,000 டாலரைத் தாண்டுவது வழக்கம். எனவே இந்த வண்டியில் கடைசியாக எந்த டயர்வரை போகப்போகிறீர்கள் என்பதை இப்போதே உட்கார்ந்து யோசியுங்கள். 37 வரை போவேன் என்றால், இன்று 35 மாட்டியிருந்தாலும் 37-க்கான கியரை நோக்கித்தான் தேர்வு நகர வேண்டும்.

இந்தியாவில் இருக்கும் வாசகர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழில் உள்ளவை மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. டயர் வாங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவை அப்படியே நம்ப வேண்டாம். 315/70 ஆர் 17 என்ற டயரைக் கடையில் 35 அங்குலம் என்றே விற்பார்கள். கணக்குப் போடுங்கள்: அகலம் 315 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 220.5. மேலும் கீழும் சேர்த்து 441. ரிம் 17 அங்குலம், அதாவது 431.8. மொத்தம் 872.8 மில்லிமீட்டர், அங்குலத்தில் 34.4. வண்டியின் எடை அழுத்தும்போது இன்னும் கொஞ்சம் குறையும். டயர் நிறுவனங்கள் ஒரு மைலுக்கு எத்தனை சுற்று என்று தங்கள் அட்டவணையில் தருகின்றன. கிடைத்தால் அதுவே மிகச் சரியான எண். கிடைக்காவிட்டால் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டயரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டித் தரையில் தூரத்தை அளந்து 3.14-ஆல் வகுத்துவிடுங்கள்.

இந்தக் கட்டுரையில் எளிமைக்காக 32, 35, 37 என்ற முழு எண்களையே பயன்படுத்துகிறேன். விகிதங்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும்.

இப்போது வண்டியில் இருப்பது எது?

ஜேகே ஆலையிலிருந்து 3.21, 3.73, 4.10 என்ற மூன்று விகிதங்களில் வந்தது. கரடுமுரடான பாதைக்கென்றே வந்த ரூபிகான் வகை என்றால் பெரும்பாலும் 4.10. மற்றவற்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். முதல் உரிமையாளர் என்ன வாங்கினார் என்பது சேஸிஸ் எண்ணை வைத்து எடுக்கும் தயாரிப்புப் பட்டியலில் தெரியும். ஆக்சில் மூடியின் போல்ட் ஒன்றில் சிறிய உலோகத் தகடு தொங்கும். அதிலும் விகிதம் பொறித்திருக்கும். ஆனால் பழைய வண்டிகளில் அந்தத் தகடு துருப்பிடித்துப் போயிருக்கும், அல்லது யாரோ கியரை மாற்றிவிட்டுப் பழைய தகட்டையே திரும்ப மாட்டியிருப்பார்கள். கையால் எண்ணிப் பார்ப்பதுதான் உறுதி.

அதற்கு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். பின்பக்கத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, ஜாக்கை நம்பாமல் ஸ்டாண்ட் கொடுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) இரு சக்கர இயக்கத்திலும் கியர் நியூட்ரலிலும் இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் எடுத்திருக்க வேண்டும். தூக்கிய டயரில் கீழ்நோக்கி ஒரு கோடு, புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் ஒரு கோடு. ஒருவர் டயரை மெதுவாகச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்ற, இன்னொருவர் ஷாஃப்ட்டின் கோடு எத்தனை முறை வந்து போகிறது என்று எண்ண வேண்டும். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால், தூக்கிய சக்கரத்தின் இரண்டு சுற்றுக்குக் கிரவுன் வீல் ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றும். ஷாஃப்ட் மூன்றும் முக்காலும் சுற்றினால் 3.73. நான்கைத் தாண்டிக் கொஞ்சம் போனால் 4.10. மூன்றைத் தாண்டிக் கால்வாசிக்கும் குறைவாக நின்றால் 3.21. ஐந்தை நெருங்கினால், உங்களுக்கு முன் வைத்திருந்தவர் வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டார் என்று அர்த்தம். ஆக்சிலின் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பாகம் டிஃபரன்ஷியல். அதில் வழுக்குக் கட்டுப்பாடோ, இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கரோ இருந்தால் இந்த முறை செல்லாது. அப்போது இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கி, இரண்டும் ஒன்றாகச் சுற்றும்படி ஒரே ஒரு சுற்றுச் சுற்றி எண்ண வேண்டும்.

இரண்டு கணக்குகள்

முதல் கணக்கு, இழந்ததைத் திரும்பப் பெறுவதற்கு. பழைய விகிதத்தைப் புதிய டயரின் விட்டத்தால் பெருக்கி, பழைய டயரின் விட்டத்தால் வகுக்க வேண்டும். 3.73 × 35 ÷ 32 = 4.08. சந்தையில் கிடைக்கும் மிக அருகிலுள்ள விகிதம் 4.10. அதை மாட்டினால் எஞ்சின் சுற்று பழைய நிலைக்கு வந்துவிடும்.

இங்கேயே நின்றுவிடுகிறவர்கள் அதிகம். 4.10 மாட்டினால் சுற்று திரும்பும். எடையும் காற்றும் தின்ற இழுவை திரும்பாது. இத்தனை செலவு செய்து பழைய நிலைக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. முதல் கணக்கில் வரும் எண்ணைக் கீழ் எல்லையாக மட்டுமே பாருங்கள்.

இரண்டாவது கணக்குத்தான் உண்மையில் முடிவைச் சொல்லும். டாப் கியரில், நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில், எஞ்சின் எத்தனை ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்றில், சுற்றும்?

வேகம் கி.மீ. × ஆக்சில் விகிதம் × டாப் கியர் விகிதம் × 209 ÷ டயர் விட்டம் அங்குலத்தில்.

209 என்பது கிலோமீட்டரையும் அங்குலத்தையும் நிமிடத்தையும் ஒரே வரியில் கொண்டுவருவதற்கான மாறிலி, அவ்வளவுதான். மைலில் கணக்குப் போடுகிறவர்கள் 336 என்று வைத்துக்கொள்ளலாம்.

2012 முதல் வந்த ஜேகேயில் 3.6 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர் ஆட்டோமேடிக்கும் இருக்கிறது. அதன் டாப் கியர் 0.83. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில், 32 அங்குல டயரும் 3.73-உம் இருக்கும்போது சுமார் 2,220 ஆர்பிஎம். 35 அங்குலம் மாட்டிக் கியரைத் தொடாவிட்டால் 2,030. அதே 35-க்கு வெவ்வேறு விகிதங்கள்:

4.10 என்றால் 2,240
4.56 என்றால் 2,490
4.88 என்றால் 2,660
5.13 என்றால் 2,800

3.6 எஞ்சின் தன் உச்ச முறுக்குவிசையான 353 நியூட்டன் மீட்டரை 4,800 ஆர்பிஎம்மில்தான் தருகிறது. 2,000-ஐ ஒட்டிச் சுற்றும்போது அதனிடம் கையில் இருப்பு குறைவு. மேடு வந்தவுடன் கியர் இறங்குவது அதனால்தான். 2,500-க்கு அருகே வைத்தால் டாப் கியரிலேயே பெரும்பாலான மேடுகளைக் கடந்துவிடும். எனவே நெடுஞ்சாலையில் நிறைய ஓடும் நான்கு கதவு வண்டிக்கு, 35 அங்குலத்துக்கு, 4.56 என்பேன். கூரைமேல் கூடாரம், முன்னால் வின்ச், பின்னால் இரும்பு பம்பர், கூடவே இழுவை வண்டி (டிரெய்லர்) என்று சுமை ஏற்றியிருந்தால் 4.88.

டயர் ஒன்று, விகிதம் இரண்டு

இப்போது அதே டயரை 2007 முதல் 2011 வரை வந்த ஜேகேயில் மாட்டுவோம். எஞ்சின் 3.8 லிட்டர், ஆட்டோமேடிக்கில் நான்கே கியர், டாப் கியர் 0.69. கணக்கில் அந்த ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள். ஆலையிலிருந்து வந்த நிலையிலேயே, 32 அங்குலத்தில், 110 கி.மீ. வேகத்தில் 1,850 ஆர்பிஎம்தான். 35 மாட்டினால் 1,690. அந்த எஞ்சினின் முறுக்குவிசை உச்சம் 4,000 ஆர்பிஎம்மில் இருக்கிறது. 1,690-இல் இரண்டு டன்னை நெருங்கும் பெட்டி வடிவ வண்டியை இழுத்துக்கொண்டு போகச் சொன்னால் அது என்ன செய்யும்? ஓவர்டிரைவ் என்னும் டாப் கியரை விட்டு இறங்கி மூன்றாவது கியரில் கத்திக்கொண்டு ஓடும். திரும்ப ஏறும், திரும்ப இறங்கும். ஒவ்வொரு முறையும் டார்க் கன்வெர்ட்டரின் (எஞ்சினையும் ஆட்டோமேடிக் கியர் பாக்ஸையும் ஆயில் வழியே இணைக்கும் பாகம்) பூட்டு விடுபட்டு ஆயில் சூடாகும்.

இதே வண்டிக்கு 4.56 போட்டால் 2,070. 4.88 போட்டால் 2,210. 5.13 போட்டால் 2,330. அதாவது இந்த வண்டியில் 5.13 மாட்டினாலும், 3.6 எஞ்சின் வண்டி 4.56-இல் சுற்றும் அளவுக்குக்கூட எஞ்சின் சுற்றாது. அதனால்தான் 3.8 ஆட்டோமேடிக்காரர்கள் 35 அங்குலத்துக்கு 5.13 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். அவர்களுக்கு அது சரி. அதைக் கேட்டுக்கொண்டு ஐந்து கியர் வண்டிக்காரர் 5.13 வாங்கினால், நெடுஞ்சாலை முழுக்க எஞ்சின் சத்தத்தோடும் பெட்ரோல் பில்லோடும் குடித்தனம் நடத்த வேண்டும். டயருக்கு நேரே விகிதம் எழுதிய அட்டவணைகள் ஊரெங்கும் கிடைக்கின்றன. கியர் பாக்ஸைக் கேட்காத அட்டவணையை நம்பாதீர்கள்.

ஆறு கியர் மேனுவலின் டாப் கியர் 0.84. எண்ணிக்கையில் ஐந்து கியர் ஆட்டோமேடிக்குக்கு ஏறக்குறைய சமம். ஆனாலும் மேனுவலில் ஒரு படி பெரிய விகிதத்தை, அதாவது 35-க்கு 4.88-ஐ விரும்புகிறேன். ஆட்டோமேடிக் தானே கியரை இறக்கிக்கொள்ளும். மேனுவலில் ஒவ்வொரு மேட்டுக்கும் நம் இடது காலும் கையும்தான் உழைக்க வேண்டும். கனமான டயரோடு கிளம்பும்போது கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி தேய்ப்பதும் குறையும்.

37 அங்குலத்துக்குக் கணக்கு இன்னும் சுலபம். ஐந்து கியர் ஆட்டோமேடிக்கில் 4.88 போட்டால் 110-இல் 2,520 ஆர்பிஎம், 35-க்கு 4.56 தந்த அதே நிலை. சுமை வண்டிக்கு 5.13.

அமெரிக்காவுக்கு வெளியே விற்ற ஜேகேயில் 2.8 லிட்டர் டீசலும் உண்டு. டீசல் எஞ்சின் 2,000 ஆர்பிஎம்மை ஒட்டியே முழு முறுக்குவிசையைத் தந்துவிடும், மேலே போகப் போக அதற்கு மூச்சு வாங்கும். பெட்ரோல் வண்டிக்காரர் சொல்லும் எண்ணை டீசலுக்கு எடுக்கக் கூடாது. முதல் கணக்கில் வரும் விகிதமோ அதற்கு ஒரு படி மேலோ போதும்.

இரண்டு விகிதங்களுக்கு நடுவே மனம் ஊசலாடினால்? பெரிய எண்ணை எடுங்கள். கியர் மாற்றியவர்களில் இன்னும் கொஞ்சம் பெரியதாகப் போட்டிருக்கலாமே என்று வருந்துகிறவர்களே அதிகம். இதற்கு விதிவிலக்கு தினமும் 120-க்கு மேல் நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் மட்டும்.

பாறை மேல் ஊர்வதற்கு

கலிஃபோர்னியாவின் ரூபிகான் டிரெயில், யூட்டாவின் மோவாப் போன்ற இடங்களில் பாறை மேல் வண்டியை நடத்தும்போது வேறோர் எண் முக்கியம். முதல் கியர் விகிதம், டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ் விகிதம் (மெதுவாக ஊர்வதற்கான நிலை), ஆக்சில் விகிதம் மூன்றையும் பெருக்கினால் வருவது அது. சாதாரண ஜேகேயின் தாழ் விகிதம் 2.72, ரூபிகானுடையது 4. மேனுவலின் முதல் கியர் 4.46. ஆகவே 3.73 உள்ள சாதாரண வண்டிக்கு 4.46 × 2.72 × 3.73, சுமார் 45. அதில் 4.88 மாட்டினால் 59. எதையும் தொடாத ரூபிகான் மேனுவலுக்கு 73.

ஆக்சில் கியரை மட்டும் மாற்றிப் பாறையில் ரூபிகானை எட்ட முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது. பாறைதான் உங்கள் முதன்மை நோக்கம் என்றால் பணத்தை டிரான்ஸ்ஃபர் கேஸில் போடுவது அதிகப் பலன் தரும். ஆனால் ரேங்லரின் டிரான்ஸ்ஃபர் கேஸ் உயர் விகிதத்தில், அதாவது சாதாரணச் சாலை நிலையில், ஒன்றுக்கு ஒன்று. அதில் எதை மாற்றினாலும் சாலையில் ஓடும்போது மாற்றம் இருக்காது. பெரும்பாலானவர்கள் வண்டியின் வாழ்நாளில் முக்கால்வாசியைச் சாலையில்தான் கழிக்கிறார்கள். அதனால் ஆக்சிலுக்கே முதல் இடம் தருகிறேன். மாருதி ஜிப்ஸியின் நெருங்கிய உறவான சுஸுகி சாமுராய் இதில் விதிவிலக்கு: அதன் டிரான்ஸ்ஃபர் கேஸ் உயர் விகிதத்திலும் வேகத்தைக் குறைத்தே அனுப்புகிறது. அதனுள் இருக்கும் கியரை மாற்றினாலே சாலைக்கும் பாறைக்கும் சேர்த்துப் பலன் கிடைத்துவிடும், ஆக்சிலைத் திறக்கவே வேண்டாம்.

வாங்கும் முன் ஆக்சிலைப் பாருங்கள்

ரூபிகான் அல்லாத ஜேகேயில் முன்னால் டானா 30 என்ற சிறிய ஆக்சில், பின்னால் டானா 44 என்ற பெரிய ஆக்சில். ரூபிகானில் இரண்டுமே டானா 44. டானா 30-இன் கிரவுன் வீல் 7 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். பின் டானா 44-இல் சுமார் 8.8. விகிதம் பெரிதாகும்போது பினியன் சிறுத்துக்கொண்டே போகிறது என்று மேலே பார்த்தோம். 11 பல் இருந்த இடத்தில் 8 பல். டானா 30 போன்ற சிறிய ஆக்சிலில் 8 பல் பினியன் மெலிந்துவிடும், ஒரே நேரத்தில் பிடித்திருக்கும் பற்களும் குறையும். 35 அங்குலத்தோடு டானா 30-இல் 4.88 வரை பலரும் ஓட்டுகிறார்கள். அதற்கு மேலும் போவதோ, அந்த ஆக்சிலில் 37 மாட்டிப் பாறைக்குப் போவதோ எனக்குச் சம்மதமில்லை. அந்த அளவுக்கு ஆசை இருந்தால் முன் ஆக்சிலையே மாற்றுவதற்குக் காசு சேர்க்கலாம்.

முன்னும் பின்னும் விகிதம் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். பணம் சேரட்டும், முதலில் பின்பக்கம் மட்டும் மாற்றிக்கொள்கிறேன் என்று சிலர் கேட்பதுண்டு. மாற்றலாம், ஆனால் முன்பக்கம் மாறும்வரை நான்கு சக்கர இயக்கத்தில் போடவே கூடாது. போட்டால் இரண்டு ஷாஃப்ட்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, இருப்பதில் பலவீனமான பாகம் எதுவோ அது உடையும்.

கிரவுன் வீல் உட்கார்ந்திருக்கும் கேரியரையும் விசாரியுங்கள். பினியன் சிறுத்தால் கிரவுன் வீல் அதை நோக்கி நகர வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் பழைய கேரியரில் அந்தத் தூரம் எட்டாது. டானா 30-இல் 3.73-உம் அதற்கு மேற்பட்டவையும் ஒரு கேரியர், 3.21 உள்ள வண்டி என்றால் கேரியரும் மாற வேண்டும். டானா 44-இல் 3.73 வரை ஒன்று, அதற்கு மேல் வேறொன்று. எனவே 3.73 வண்டியின் பின் ஆக்சிலில் 4.56 போடப்போகிறவர் கேரியருக்கும் சேர்த்துப் பட்ஜெட் போட வேண்டும், அல்லது பழைய கேரியரிலேயே உட்காரும்படி தடிமனாகச் செய்த கிரவுன் வீலைத் தேட வேண்டும். எப்படியும் கேரியர் வாங்க வேண்டும் என்றால் லாக்கர் பொருத்த இதுதான் தருணம். லாக்கர் பழைய கேரியரின் இடத்திலேயே உட்காரும், கூலி இரண்டு முறை ஆகாது.

ரூபிகான்காரர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. முன்னும் பின்னும் டானா 44 என்பதால் ஒரே செட்டில் இரண்டு வாங்கிவிடக் கூடாது. முன் ஆக்சிலில் பினியன் மேலே அமைந்திருக்கிறது. அதன் பற்கள் எதிர்த்திசையில் வெட்டப்பட்டவை. பின்பக்கச் செட் அதில் பொருந்தாது. ஆர்டர் கொடுக்கும்போது வருடம், மாடல், முன், பின் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

கிரவுனும் பினியனும் ஆலையில் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தியவை. ஒரு ஜோடியின் பினியனை இன்னொரு ஜோடியின் கிரவுனோடு சேர்க்கக் கூடாது. கூடவே புதிய பேரிங், ஆயில் சீல், ஷிம், கிரஷ் ஸ்லீவ் அடங்கிய பொருத்தும் செட்டும் வாங்க வேண்டும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பேரிங்கைக் காசு மிச்சம் என்று திரும்பப் போடுவது வீண் வேலை.

பொருத்துவது யார்?

இதை வீட்டு வாசலில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, பேரிங் எவ்வளவு இறுக்கத்தில் இருக்கிறது, பற்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி என்று எல்லாமே மில்லிமீட்டரின் சிறு பின்னங்களில் நடக்கும் வேலை. பல்லிடைவெளி இந்த ஆக்சில்களில் பொதுவாக 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டயல் கேஜ் இல்லாமல் அதை அளக்கவே முடியாது.

ஆனால் மெக்கானிக் சரியாகச் செய்தாரா என்று பார்க்க உங்களால் முடியும். மூடியைப் போடும் முன் கிரவுன் வீலின் பற்களில் மஞ்சள் பசையைத் தடவிச் சுற்றிப் பார்ப்பார்கள். பினியன் தொட்ட இடத்தில் பசை விலகித் தடம் தெரியும். அந்தத் தடம் பல்லின் நுனியிலும் இல்லாமல் அடியிலும் இல்லாமல் நடுவில், ஓரளவு நீள்வட்டமாக இருக்க வேண்டும். நுனியை ஒட்டி ஏறியிருந்தால் பினியன் கிரவுனை விட்டு விலகி நிற்கிறது. அடியில் ஆழப் பதிந்திருந்தால் அதிகமாக நெருங்கியிருக்கிறது. தடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் கேட்காமலே அனுப்புவார். மழுப்புகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கம்ப்யூட்டருக்கும் சொல்ல வேண்டும்

35 அங்குலம் மாட்டி எதையும் திருத்தாவிட்டால், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 109-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். ஓடிய தூரமும் குறைவாகப் பதியும். அதை வைத்து மைலேஜ் பார்த்துவிட்டுப் பெரிய டயரால் இவ்வளவு குடிக்கிறதா என்று பதறுகிறவர்கள் முதலில் அந்த 9 சதவீதத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஜேகேயில் கையடக்கப் புரோகிராமரை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, டயரின் அளவையும் ஆக்சில் விகிதத்தையும் இரண்டையுமே பதிய வேண்டும். ஒன்றை மட்டும் பதிந்தால் ஆட்டோமேடிக் தவறான நேரத்தில் கியர் மாற்றும், எச்சரிக்கை விளக்குகளும் எரியலாம். புரோகிராமர் வரும்வரை வண்டியை எடுக்காமல் இருப்பது உத்தமம்.

விகிதம் பெரிதானால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் வேகமாகச் சுற்றும். 3.73-இலும் 32 அங்குலத்திலும் 110 கி.மீ. வேகத்துக்கு 2,680 ஆர்பிஎம்மில் சுற்றிய ஷாஃப்ட், 35 அங்குலத்தோடு 5.13-இல் 3,370-இல் சுற்றுகிறது. முன்பு தெரியாமல் இருந்த தேய்ந்த ஜாயிண்ட் இப்போது அதிர்வாக வெளிப்படும். வண்டியை உயர்த்தியதால் ஷாஃப்ட்டின் கோணம் கூடியிருந்தால் இன்னும் மோசம். ஜேகேயின் ஆலை ஷாஃப்ட்டில் உள்ள ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கியர் வேலை சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

முதல் 800 கிலோமீட்டர்

புதிய கியரை முதல் நாளே நெடுஞ்சாலையில் விரட்டினால் பற்கள் அளவுக்கு மீறிச் சூடேறி மென்மையாகிவிடும், அதன் பிறகு எந்த ஆயிலும் காப்பாற்றாது. முதல் ஓட்டம் மிதமான வேகத்தில் இருபது கிலோமீட்டர் போதும். பிறகு வண்டியை நிறுத்தி அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை. ஆறவிடும் நேரத்தில் ஆக்சில் மூடிக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்: சூடு இருக்கும், அது இயல்பு. தொடவே முடியாத அளவுக்குக் கொதித்தால் பேரிங் இறுக்கம் அதிகம் என்று சந்தேகிக்கலாம். 800 கி.மீ. வரை சுமை ஏற்றுவதும் இழுவை வண்டி கட்டுவதும் வேண்டாம். அது முடிந்ததும் கியர் ஆயிலைக் கொட்டிவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். வழுக்குக் கட்டுப்பாட்டு டிஃபரன்ஷியல் இருந்தால் அதற்கான கூட்டுப்பொருளையும் மறக்காமல் சேர்க்க வேண்டும்.

கொட்டிய ஆயிலில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசைபோல உலோகத் தூள் இருந்தால் கவலையில்லை, பற்கள் ஒன்றோடொன்று பழகியதன் அடையாளம். விரலுக்கிடையே நறநறவென்று உறுத்தும் துகளோ செதிலோ இருந்தால் வண்டியை ஓட்டாமல் கடைக்குச் சொல்லுங்கள். சத்தத்தையும் கவனியுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டுமோ, காலை எடுக்கும்போது மட்டுமோ ஊளைச் சத்தம் வந்தால் பற்களின் பொருத்தம் சரியில்லை. மிதித்தாலும் விட்டாலும் மாறாமல் ஒரே உறுமலாக வந்தால் பேரிங்கைச் சந்தேகியுங்கள். 35 அங்குல மட் டயரின் இரைச்சலே காதை அடைக்கும் என்பதால், வழவழப்பான தார்ச் சாலையில் ஜன்னலை மூடிக்கொண்டு கேட்பது நல்லது. எந்த வேகத்தில் சத்தம் தொடங்கியது, எந்த வேகத்தில் நின்றது என்று குறித்துக்கொண்டு போனால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம்.